களியை மென்று தின்னச் சொன்னார்கள்

என்னைச் சரியாக எடை போட்ட முதல் தராசு புதூர்நாட்டுப் புளி மண்டி ஒன்றில் இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு திருப்பத்தூரில் ஒரு டாக்டர் தன் அறையில் இருந்த எடை மிஷினில் என்னை ஏற்றினார். முள் நூற்றிருபதில் போய் முட்டி, அதற்கு மேல் போக வழியில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. "வேற எங்கயாவது பெரிய தராசுல போட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார். மண்டியில் மூட்டை நிறுக்கும் இரும்புப் பலகையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். நூற்று முப்பத்து நான்கு கிலோ. மண்டிக்காரர் எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனிதர். அன்று சிரிக்கவில்லை. எனக்கு ஏதோ பெரிதாக இருக்கிறது என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரிக் குழுவின் உணவு ஆலோசகர் மேடம், எடை குறைக்கிற ஆபரேஷன் முடிந்தவர்கள் ஆளுக்கொன்று எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று கேட்டிருக்கிறார். மற்றவர்கள் நல்லவிதமாக எழுதுவார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் சங்கர். நாற்பத்து மூன்று வயது. திருப்பத்தூருக்கு மேலே மலையில், நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஊர். பத்தொன்பது வருடமாக ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். மலையில் ஏறி இறங்குகிறவனுக்கு உடம்பு எப்படிப் பெருக்கும் என்று கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். ஏறி இறங்குவது ஜீப். நான் உட்கார்ந்தேதான் இருப்பேன். ஜீப்பில் ஆள் சேரும்வரை நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு டீக்கடை இருக்கும். ஒரு டீக்கு இரண்டு போண்டா என்று பத்தொன்பது வருடம். கடைசியில் ஸ்டியரிங் வயிற்றை அழுத்துகிறதே என்று சீட்டைப் பின்னால் தள்ளினேன். தள்ளினால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கும்போதே தூங்கிப்போவேன், பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்து எழுப்புவான். வலது காலில் செருப்பு கடித்த புண் மூன்று மாதமாக ஆறவில்லை. அதற்குத்தான் டாக்டரிடம் போனேன்.

சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்துவிட்டு, "சென்னைல பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரில எடை குறைக்கிற ஆபரேஷன் பண்றாங்க. இலவசம்தான். கேட்டுப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி மல்லிகாவிடம் சொன்னேன். அவள் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கீற வயித்த எதுக்கு அறுப்பானுங்க? அதுவும் சும்மா?" என்றேன்.

"நல்லா கீறவனா நீ? நேத்து சோறு துண்ணுக்கினே தூங்கின."

"உள்ள இன்னாத்தையாவது எடுத்துக்கினு வுட்டா யாருக்குத் தெரியும்?"

"உன் வயித்துல போண்டாவத் தவிர இன்னா கீது எடுக்க?" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டினாள். ஆனால் அடுத்த வாரம் என்னோடு பஸ் ஏறினாள். அவளுக்கும் சந்தேகம்தான் என்று பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு மாதம் பரிசோதனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒரு பெஞ்சு, ஒரு சீட்டு. வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு வயிற்றைப் பார்த்தார்கள்; அது எண்டோஸ்கோபி. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கச் சொல்லி மூச்சைக் கணக்கெடுத்தார்கள். தூங்கும்போது என் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறதாம். பகலில் நான் தூங்கி விழுவது அதனால்தானாம். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் எல்லாரும் என்னைப்போல் பெரிய உடம்புக்காரர்கள். மூன்று பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் இரண்டு பேர், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல்.

மனநல டாக்டர் அம்மா ஒருவர் நிறையக் கேள்வி கேட்டார். "உங்களுக்கு ஒரு கஷ்டம்னா முதல்ல யார்கிட்ட சொல்வீங்க?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க."

அதை எழுதிக்கொண்டார். என்ன எழுதுகிறார் என்று தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன். அவர் கையால் மறைத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு தாளின் பின்பக்கம் வயிறு வரைந்து காட்டினார். நம் இரைப்பை ஒரு தோல் பை மாதிரி. அதை நெடுக வெட்டி, பெரிய பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குக் குழாயாகத் தைப்பார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும், பசியைக் கிளப்புகிற சுரப்பும் குறையும், சர்க்கரையும் பெரும்பாலும் இறங்கும் என்றார்.

"வெட்டின துண்ட இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சோதனைக்கு அனுப்புவோம். அதுக்கு முன்னாடி உங்க வீட்டம்மாகிட்ட காட்டச் சொல்றேன். போதுமா?"

ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. சொன்னபடியே ஒரு தட்டில் கொண்டுவந்து மல்லிகாவிடம் காட்டினார்கள். நான் கண் விழித்ததும் முதலில் கேட்டது அதைத்தான். "பாத்தேன். ஆட்டுக் கொடலு மாதிரி இருந்துச்சு. அதத் தவிர வேற ஒண்ணும் எடுக்கல. கேட்டுட்டேன்" என்றாள்.

வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டைகள். இருமினால் உயிர் போகும். முதல் இரண்டு நாள், மருந்து பாட்டில் மூடியில் ஊற்றிய தண்ணீரைக் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை உதட்டில் வைத்து உறிஞ்ச வேண்டும். ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்த எனக்கு அந்த மூடி நிறைந்திருப்பதைப் பார்த்தாலே அழுகை வந்தது. மல்லிகா என்னைத் தாழ்வாரத்தில் நடத்திக்கொண்டு போவாள். ஒவ்வொரு கதவு வரும்போதும் "இன்னும் ஒண்ணு" என்பாள். கடைசிக் கதவு என்று அவள் சொன்னது எதுவும் கடைசிக் கதவாக இருந்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது உணவு ஆலோசகர் மேடம் உட்கார வைத்துச் சொன்னார். முதலில் தெளிந்த நீர் ஆகாரம், பிறகு கஞ்சி, பிறகு மசித்தது, பிறகு மெத்தென்ற சாப்பாடு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். முட்டை, பருப்பு முதலில், சோறு கடைசியில். ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்ல வேண்டும். தினமும் வைட்டமின் மாத்திரை. "வயிறு சின்னதாயிட்டதால சாப்பாட்டுல இருந்து சத்து போதுமான அளவு கிடைக்காது. மாத்திரையை நிறுத்தவே கூடாது" என்றார். பிறகு செல்போன் குழு ஒன்றில் என்னைச் சேர்த்தார். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிற குழு. "உங்க பக்கத்து ஊர்க்காரங்க ஒருத்தர் வாரா வாரம் போன் பண்ணுவாங்க. வாணியம்பாடி. பேரு ஷாஹிதா. மூணு வருஷம் முன்னாடி ஆபரேஷன் பண்ணவங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது. "தம்பி, நான் ஷாஹிதா அக்கா பேசறேன். இன்னிக்கு எத்தினி டம்ளர் தண்ணி ஆச்சு?"

நலமா என்றுகூடக் கேட்கவில்லை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலையாம். பேச்சும் தையல் மிஷின் மாதிரி நிற்காமல் போகும். எத்தனை முட்டை, எத்தனை நடை, மலம் போனதா, மாத்திரை போட்டாயா. நான் "ம்" சொல்லிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஒரு பெண்மணி எனக்காக எதற்கு வாரா வாரம் பேச வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவளாக இருப்பாள் என்று நினைத்தேன். மல்லிகாவுக்கு வேறு சந்தேகம்.

"யாரு அந்தப் பொம்பள? ஞாயித்துக்கெழமை ஆனா கரெக்டா பண்றா?"

"ஆஸ்பத்திரி ஆளு."

"ஆஸ்பத்திரி ஆளுக்கு நீ கக்கூஸ் போனது எதுக்குத் தெரியணும்?"

அடுத்த ஞாயிறு அவளே போனைப் பிடுங்கிப் பேசினாள். சண்டை போடத்தான் பிடுங்கினாள். அரை மணி நேரம் கழித்து, கொள்ளை வேகவைத்து மசிப்பது எப்படி என்று அந்த அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எடை இறங்கியது. புண் ஆறியது. சர்க்கரை ஊசி நின்றது. அதற்குள் குழுவில் ஒன்று நடந்தது.

குழுவில் ஓர் ஆள் தினமும் ஒரு பவுடர் டப்பாவின் படம் போடுவான். இதைக் குடித்ததால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு என் முடி கொட்டவில்லை, வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள் என்பான். கூடவே அவனுடைய பழைய படம், புதிய படம். பழையதில் பானை வயிறு, புதியதில் தட்டை வயிறு. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டிலும் பின்னால் சுவரில் ஒரு நாட்காட்டி. இரண்டிலும் அதே மாதம், அதே தேதித் தாள். ஒரே நாளில் எடுத்த படம். வயிறு யாருடையது என்று எனக்குத் தெரியாது.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு குஷி. குழுவிலிருந்து வெளியேறினேன். பவுடர் பொய் என்றால் மாத்திரை மட்டும் எப்படி நிஜம்? ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை மஞ்சள். மருந்துக் கடையில் கொடுத்தது சிவப்பு. பெயரும் வேறு. கடைக்காரனைக் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். எல்லாரும் ஒரே கூட்டம் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து காலையில் மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டு, ஜீப்பில் ஏறியதும் ஸ்பேனர் பெட்டிக்குள் துப்பினேன். நாள் போகப் போக அந்தப் பெட்டியில் சிவப்புப் பொடி படிந்தது.

ஐப்பசியில் என் தம்பி மகளுக்குக் காது குத்து. மெத்தென்று சாப்பிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். களியைவிட மெத்தென்றது உலகத்தில் எது? எங்கள் பக்கத்தில் களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, தொண்டைக்குள் விட்டால் அது தானாகப் போகும். நாற்பது வருடப் பழக்கம். முப்பது தடவை மென்று தின்கிற பண்டமா அது? ஒரே உருண்டைதான் விழுங்கினேன்.

அது போகவில்லை. நெஞ்சு நடுவில் கல் மாதிரி நின்றது. வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. சொந்தக்காரர்கள் முன்னால் எழுந்து ஓடி, கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். எடுத்ததும் அப்படி ஒரு சுகம்.

அந்த வாந்தி அதோடு நிற்கவில்லை. மறுநாள் இட்லி வந்தது. அதற்கு அடுத்த நாள் கஞ்சியும் வந்தது. கொஞ்ச நாளில் எதைச் சாப்பிட்டாலும் அரை மணியில் வெளியே வந்தது. ஒளிந்து வாந்தி எடுக்கக் கற்றுக்கொண்டேன். ஜீப்பை ஓரம் கட்டி, டயர் பார்க்கிற மாதிரி குனிந்து எடுப்பேன். எடை இன்னும் வேகமாக இறங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னா சங்கரு, ஆளே மாறிட்ட" என்றார்கள். அதைக் கேட்க நன்றாக இருந்தது. ஷாஹிதா அக்கா கேட்டால், "வாந்தி இல்ல, மாத்திரை போட்டுக்கினு கீறேன்" என்பேன்.

ஒரு நாள் மல்லிகாவின் போனில் நேரம் பார்க்க எடுத்தேன். வாணியம்பாடி நம்பர். தினமும். சில நாள் இரண்டு தடவை. எனக்கு ஞாயிறு மட்டும், இவளுக்குத் தினமும்.

"என்னப் பத்தி இன்னாடி சொல்லிக்கினு கீற அவகிட்ட?"

அவள் மறைக்கவில்லை. "எல்லாத்தையும்தான். நீ வாந்தி எடுக்கறத. மாத்திரைய ஸ்பேனர் பொட்டில துப்பறத. ஜீப்பு கழுவறப்ப பாத்தேன்."

"எனக்குப் பின்னால ரெண்டு பேரும் சேந்துக்கினு..."

"பின்னாலதான். முன்னால சொன்னா கேக்கறியா நீ? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு வான்னு அந்தக்கா பத்து நாளா சொல்லுது. நீ வர மாட்டன்னு நான் சொல்றேன். இன்னா பண்ணுவேன் நான்?"

நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் வைத்த கஞ்சியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். கட்டிய மனைவி வைத்த கஞ்சியை மோந்து பார்த்தேன் என்பதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுத வேண்டும்.

கார்த்திகையில் ஒரு சந்தை நாள். காலை எட்டு மணி, நல்ல வெயில். பின்னால் பதினோரு பேர், மூட்டைகள். மல்லிகாவும் கொள்ளு விற்க ஏறியிருந்தாள். இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. எதிரில் ஒரு லாரி ஏறி வந்தது. பக்கத்தில் இன்னொரு லாரி. அந்தப் பாதையில் இரண்டு லாரி பக்கத்தில் பக்கத்தில் வர முடியாது. பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரிந்த பாதை. ஆனால் பாதையும் இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம், எது பள்ளம் என்று தெரியவில்லை.

ஒரு கண்ணை மூடினேன். ஒரு லாரி மறைந்தது. அப்படியே மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி, கை பிரேக்கை இழுத்தேன். லாரி உரசாமல் கடந்து போனது. இறங்கி டயருக்குக் கல் வைக்கலாம் என்று காலை ஊன்றினேன். கால் எங்கே ஊன்றியது என்றே தெரியவில்லை. தள்ளாடிப் போய் பானெட்டில் விழுந்தேன்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து என் வாயை மோந்தார். "காலங்காத்தால குடிச்சிட்டா வண்டி எடுத்த?"

"இல்லீங்க. குடிக்கல."

"நிக்க முடியல, குடிக்கலங்கற. புள்ளைங்க கீறாங்கடா வண்டில!"

யாரும் நம்பவில்லை. நான் பத்தொன்பது வருடம் ஏற்றி இறக்கிய ஜனம். மல்லிகா மட்டும் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு போனை எடுத்தாள். அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

"ரெண்டு ரெண்டா தெரியுதாமா? நடை தள்ளாடுதா? மல்லிகா, நல்லாக் கேளு. கீழ எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதல்ல குளுகோஸ் ஏத்த விடாதே. மொதல்ல பி ஒண்ணு வைட்டமின் ஊசி. தயமின்னு சொல்லு. நான் கெளம்பி வர்றேன்."

மேலே வந்த இன்னொரு ஜீப்பின் டிரைவர் தன் வண்டியை ஓரம் விட்டுவிட்டு, என் வண்டியை ஓட்டிக்கொண்டு எங்களைத் திருப்பத்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்த்தார். மயக்கமாக, வாந்தியோடு வருகிறவனுக்கு எங்கேயும் முதலில் குளுகோஸ்தான். நர்ஸ் பாட்டிலை மாட்டி ஊசியோடு வந்தார். மல்லிகா கட்டிலுக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"மொதல்ல தயமின் ஊசி போடுங்க."

"அம்மா, நகருங்க. டாக்டர் சொல்லிட்டாரு."

"போட்டுட்டு ஏத்துங்க. அது இல்லாம ஏத்த விட மாட்டேன்."

அதற்கு முன் அவள் எந்த டாக்டரிடமும் குரல் உயர்த்தியதில்லை. டாக்டர் கோபமாக வந்தார். அதே நேரம் புர்கா போட்ட ஓர் ஒல்லியான பெண்மணி மூச்சு வாங்க உள்ளே வந்தார். ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் போன். "சார், இந்தாங்க. ஆபரேஷன் பண்ண டாக்டர் லைன்ல கீறாரு" என்று நீட்டினார். ஷாஹிதா அக்கா பெருத்த உடம்பாக இருப்பார் என்று நான் ஏன் நினைத்திருந்தேன் என்று தெரியவில்லை. டாக்டர் இரண்டு நிமிடம் பேசினார். கோபம் போய்விட்டது. நர்ஸிடம் வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். "நல்லவேளை சொன்னீங்க" என்று மல்லிகாவிடம் சொன்னார்.

அன்றே சென்னைக்கு அனுப்பினார்கள். விஷயம் இதுதான். சாப்பாட்டை உடம்பு சக்தியாக மாற்ற பி1 என்ற வைட்டமின் வேண்டும். உடம்பு அதைச் சேர்த்து வைப்பது சில வாரத்துக்கு மட்டும். நான் சாப்பிட்டதெல்லாம் வாந்தி, மாத்திரையும் துப்பியாயிற்று. வைட்டமின் தீர்ந்தால் முதலில் அடிபடுவது மூளையும் நரம்பும். அதனால்தான் கண்ணுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிந்தது, கால் தள்ளாடியது. அந்த நிலையில் பி1 இல்லாமல் குளுகோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சம் இருப்பதையும் அது தின்றுவிடும்.

மூன்றாவது நாள் ஜன்னல் ஒரே ஜன்னலாகத் தெரிந்தது. தைத்த இடம் கொஞ்சம் சுருங்கியிருந்ததாம். குழாய் விட்டு விரித்துவிட்டார்கள். வாந்தி நின்றது. பன்னிரண்டு நாள் இருந்தோம். இரண்டாவது ஞாயிறு அக்கா வாணியம்பாடியிலிருந்து பார்க்க வந்தார். நான் அப்போதுதான் கேட்டேன்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காத. இதுக்கு உனக்கு இன்னா குடுக்கறாங்க?"

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"ஒண்ணும் குடுக்கறதில்ல. எனக்கு ஆபரேஷன் ஆன அன்னிக்கே பக்கத்து பெட்டுல பரிமளான்னு ஒருத்திக்கும் ஆச்சு. ஆம்பூர்க்காரி. ரெண்டு பேரும் ஒண்ணா மூடில தண்ணி குடிச்சோம். வூட்டுக்குப் போனதும் அவளுக்கும் உன்ன மாதிரி வாந்தி. என்கிட்ட மட்டும் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதக்கா, மாமியா திட்டும்னா. நான் சொல்லல தம்பி. நல்லவளாட்டம் ரகசியத்தக் காப்பாத்தினேன். அதுக்கப்புறம் அவ மூளைல ஞாபக சக்தி கொஞ்சம் போய்டுச்சு. திரும்பி வரல."

 அதைக் கேட்டபிறகு நான் அந்த நாட்காட்டி விஷயத்தைச் சொன்னேன். பவுடர்காரனின் இரண்டு படம், ஒரே தேதி. அக்காவின் முகம் மாறியது.

"இத எப்ப பாத்த?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே அவன வெளிய தள்ளியிருப்போம். நாலு பேரு வாங்கிட்டாங்க. நீ சந்தேகப்பட்டது தப்பில்ல தம்பி. சந்தேகத்த வாயத் தொறந்து கேக்காம உள்ளயே வச்சிக்கின பாரு, அதான்..." என்று சொல்லி முடிக்காமல், "இன்னிக்கு எத்தினி டம்ளர் தண்ணி ஆச்சு?" என்றார்.

இப்போது சித்திரை. எண்பத்தெட்டு கிலோ இருக்கிறேன். உள்ளங்கால் இன்னும் பஞ்சின்மேல் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது. முழுதாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார்கள். ஆள் ஏற்றி ஜீப் ஓட்ட டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. அன்றைக்கு எங்களைக் கிளினிக்கில் சேர்த்த டிரைவரின் தம்பி ஓட்டுகிறான். என் வாயை மோந்த பெரியவர் வீட்டுக்கு வந்து, ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

களி தின்கிறேன். சுண்டைக்காய் அளவு கிள்ளி, முப்பது தடவை மென்று. மென்றால் களிக்கு ஒரு இனிப்பு இருக்கிறது. நாற்பது வருடம் அது எனக்குத் தெரியாது. மல்லிகாவும் எதிரில் உட்கார்ந்து மெல்லுகிறாள், எனக்குத் துணையாக. எங்களைப் பார்த்தால் இரண்டு மாடு அசை போடுகிற மாதிரி இருக்கும். தினமும் காலையில் ஏரிக்கரை வரை நடக்கிறேன். மாத்திரை அட்டையில் உள்ள ஒவ்வொரு பெயரையும் டாக்டரிடம் காட்டி, இது எதற்கு, இது ஏன் சிவப்பு என்று கேட்கிறேன். நான் உள்ளே நுழைந்தாலே அவர் பேனாவை வைத்துவிடுகிறார். என் சந்தேகம் எங்கேயும் போகவில்லை. இப்போது சத்தமாகச் சந்தேகப்படுகிறேன், அவ்வளவுதான். குழுவில் மறுபடி சேர்ந்தேன். அதன் மாதக் கூட்டத்தில் எல்லாரும் நான் ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, "போன வாரம் ரெண்டு போண்டா தின்னேன்" என்று சொன்னேன்.  பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "நான் பரோட்டா" என்றார். அன்றைக்குத்தான் கூட்டம் கூட்டமாக இருந்தது.

போன மாதம் ஷாஹிதா அக்கா என்னை ஆம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பரிமளா வீடு. அவருடைய தங்கை கதவைத் திறந்தார். பரிமளா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தலை வாரி, பூ வைத்து, எங்கேயோ கிளம்புகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இது சங்கரு. நம்ம ஆஸ்பத்திரிதான். ஆபரேஷன் ஆச்சு" என்றார்.

பரிமளா என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

"எனக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்" என்றார். "வலிக்குமா? எல்லாரும் வலிக்காதுங்கறாங்க. அதான் பயமா கீது."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பரிமளாவின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வலிக்கும்க்கா" என்றேன். "மூணு நாளைக்கு நல்லாவே வலிக்கும். இருமல் வந்தா தலகாணிய வயித்தோட சேத்துப் புடிச்சிக்கோங்க. நாலாவது நாள் நீங்களே எழுந்து நடப்பீங்க."

அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றது நெஜம் மாதிரி கீது" என்றார். தோள் தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தார்.

தங்கை டீ கொண்டுவந்தார். டீயைக் குடித்து முடிப்பதற்குள் பரிமளா அக்காவின் பக்கம் குனிந்து, "யாருக்கா இவரு?" என்று கேட்டார். அக்கா திரும்பவும் சொன்னார். பரிமளா நாற்காலி நுனிக்கு வந்தார். "எனக்கு அடுத்த வாரம். வலிக்குமா?"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதல் மூன்று நாளிலிருந்து, ஒன்றையும் விடாமல், மறுபடி சொன்னேன்.